கல்யாணத்துக்கு அடியில் ஒரு கிதார்

சுற்றுகிறது. இப்போதைக்கு அது போதும். ஸ்பூல் மெஷினின் இடதுபக்கச் சக்கரத்திலிருந்து டேப் இறங்கி, சத்தத்தைப் படிக்கிற ஹெட்டை உரசிக்கொண்டு, வலதுபக்கச் சக்கரத்தில் ஏறுகிறது, உரசும் இடத்தில் காப்பித்தூள் நிறத்தில் ஏதோ உதிர்ந்து நான் விரித்துவைத்த வெள்ளைத் துணியில் விழுகிறது, ஏதோ என்ன ஏதோ, சத்தமே அதுதான், ஐம்பது வருஷத்துக்கு முன்னால் பேசியதும் பாடியதும் இந்தத் தூளில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது, ஹெட்டைத் தாண்டும்போது ஒருமுறை சொல்லிவிட்டு உதிர்ந்துபோகிறது. ஒரே ஒருமுறை. முந்தாநாள் சோதனைக்கு ஓட்டிய துண்டை மறுபடி ஓட்டிப் பார்த்தேன், இரைச்சல்தான் மிச்சம், டேப்பின் முதுகு கண்ணாடி மாதிரி தெரிந்தது. அதனால் இதுதான் முதல் கேட்பு, இதுதான் கடைசிக் கேட்பு. கரண்ட் போகக் கூடாது. யுபிஎஸ்ஸில் பச்சை விளக்கு எரிகிறதா, எரிகிறது, இப்போதுதானே பார்த்தாய் மகுடபதி, எத்தனை தரம் பார்ப்பாய். திரையில் அலை எழுகிறது, பதிவாகிறது. ஸ்பீக்கரில் யாரோ இருமுகிறார், குழந்தை ஒன்று சிணுங்குகிறது, பெஞ்சு கிறீச்சிடுகிறது, ஐயர் பேச ஆரம்பிக்கிறார். ஐயர் என்றால் பாதிரியார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஹெப்சிபா அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும், திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் போதகரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அம்மாவுக்கு எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சாய்மானம் இருக்கிற நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருக்கிறார். ஸ்பீக்கரில் நடப்பது அவருடைய கல்யாணம். அதனால்தான் எனக்கு அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. ஏனென்றால் எனக்கு அந்தக் கல்யாணம் வேண்டாம், எனக்கு வேண்டியது அந்தக் கல்யாணத்துக்கு அடியில் இருக்கிறது.

மாதம் பிறந்த புதிதில் அம்மாவின் மகன் ரூபன் இந்த ஸ்பூலைக் கொண்டுவந்தார். பிஸ்கெட் டப்பாவில் பழைய துணி சுற்றி வைத்திருந்தார்கள். அப்பா ஆசீர்வாதம் சார், காலேஜில் கணக்கு வாத்தியார், போன வருஷம் தவறிவிட்டார், வருகிற ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டம், அதில் அப்பா குரலைக் கேட்க வைக்க வேண்டும், அப்பா கேமரா என்றாலே ஒதுங்கிப்போவார், போனில்கூட ம் ம் என்பதோடு சரி, குரல் என்று இருப்பது கல்யாணத்தில் சம்மதம் சொன்னது மட்டும்தான் என்றார். நல்ல பிள்ளை. நானும் நல்ல பிள்ளை மாதிரி தலையாட்டி வாங்கிவைத்தேன். என் பிழைப்பு டப்பிங் ஸ்டுடியோவில் பழைய சத்தத்துக்குத் தலைவாரிப் பூ வைப்பது. ஆனால் ஆசை வேறு. அறுபதுகளில் மெட்ராஸில் தலைமுடி வளர்த்துக்கொண்டு கிதாரை அலறவிட்ட பையன்கள், மயக்க இசை என்று தங்களுக்கே புரியாமல் எதையோ வாசித்துத் தள்ளிய பையன்கள், அவர்கள் பதிவு செய்து வெளியே வராமல் போன பாட்டுகள், அதைத் தேடுவதில் எனக்குப் பாதி முடி போய்விட்டது. என் மனைவி வாசுகி சொல்வாள், வெளிவந்த பாட்டையே நீ கேட்கிறதில்லை, வெளிவராததுக்கு உசிரை விடுகிறாய் என்று. சரிதான். வெளிவந்தது எங்கேயும் ஓடிப்போகாது. வெளிவராதது அப்படியில்லை, எந்த பிஸ்கெட் டப்பாவில் யார் வீட்டுப் பரணில் கிடக்கிறதோ, எந்த எடைக்காரன் வண்டியில் ஏறப்போகிறதோ. டேப்பை எந்தப் பக்கம் மாட்டுவது என்று தெரியாமல் முதலில் தவறான பக்கத்தை மாட்டினேன். கல்யாணம் வரவில்லை. ஒரு கிதார் வந்தது. வந்தது என்றா சொல்வது, எங்கிருந்தோ உறிஞ்சிக்கொண்டு பின்னாலேயே போனது, ஒவ்வொரு சுரமும் வாலில் ஆரம்பித்துத் தலையில் முடிந்தது, டிரம்ஸ் அடிபடுவதற்கு முன்பே அதிர்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மெட்ராஸில், அந்தக் காலத்தில், டேப்பைத் தலைகீழாக ஓட்டிப் பாட்டுக் கட்டியிருக்கிறான்கள் என்று எங்கள் சேகரிப்பாளர் குழுவில் அந்தத் துண்டைப் போட்டேன். லண்டனில் ஒருவர், பிரேசிலில் ஒருவர், ஆளாளுக்கு எழுந்து நின்று கைதட்டாத குறை. மறுநாள் பல் விளக்கும்போதுதான் மரமண்டைக்கு உறைத்தது.

டேப்பை ஒரு வயல் என்று வைத்துக்கொண்டால், அதன் அகலத்தில் நாலு பாத்தி. அந்தக் காலத்து ஸ்டுடியோ மெஷின் வயல் முழுவதையும் சேர்த்து உழுதுவிடும், நாலு பாத்தியிலும் அதே பயிர். பையன்களின் பாட்டு அப்படித்தான் விதைக்கப்பட்டது. இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணத்துக்கு வந்த அம்மாவின் சிங்கப்பூர்ச் சித்தப்பா கையில் ஜப்பான் மெஷின், வீட்டு மெஷின், அது ஒன்றாவது பாத்தியையும் மூன்றாவது பாத்தியையும் மட்டும் உழுது கல்யாணத்தை விதைத்தது. பெண் வீட்டில் சும்மா கிடந்த டேப்தானே என்று எடுத்து மாட்டியிருக்கிறார் மனிதர். இரண்டும் நாலும் அப்படியே பழைய பயிரோடு நிற்கின்றன. டேப்பைத் திருப்பி மாட்டினால் என் மெஷின் அந்த இரண்டையும் நாலையும்தான் படிக்கும், ஆனால் கடைசியிலிருந்து முதலுக்குப் படிக்கும். அவ்வளவுதான் மேதைமை. சாதாரணமாக வாசித்த பாட்டு, நான் தலைகீழாகக் கேட்டிருக்கிறேன். குழுவில் உண்மையைச் சொன்னேன், லண்டன்காரர் அழுதுகொண்டே சிரிக்கிற முகங்களாக வரிசையாக அனுப்பினார். சிரிக்கட்டும். பாட்டு இருக்கிறதே, அது பொய்யில்லையே. பேண்டின் பெயர்கூட ரூபனுக்குத் தெரியும், அம்மாவின் அண்ணன், அவருடைய மாமா, ஏதோ பேண்ட் வைத்திருந்தாராம், பர்ப்பிள் பால்மைரா என்று, அதாவது ஊதாப் பனைமரம். நாசரேத்திலிருந்து கீழ்ப்பாக்கத்துக்குக் குடிவந்த பையன்கள் வேறு என்ன பெயர் வைப்பான்கள். சிகரெட் கம்பெனி ஒன்று நடத்திய போட்டிக்கு நாலு பாட்டுப் பதிவு செய்தார்களாம், ஜெயித்தவர்களுக்கு மட்டும்தான் ரிக்கார்டு போட்டார்களாம், இவர்கள் ஜெயிக்கவில்லை. மாமா தவமணி அப்புறம் கப்பல் வேலைக்குப் போய்விட்டார், போன இடத்திலேயே காலமாகிவிட்டார். அந்தச் சத்தமெல்லாம் வேண்டாம் சார், எங்களுக்கு அப்பா குரல் போதும் என்று ரூபன் முடித்துக்கொண்டார். அவர் அதை இரவுச் சாப்பாட்டில் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும், காலையிலேயே அம்மாவிடமிருந்து போன், டேப்பை ஓட்டும்போது நானும் கூட இருக்கிறேன் என்று. கணவர் குரல் அல்லவா, இருக்காதா. வரச் சொன்னேன். வந்துவிட்டார். இப்போது இந்த அறையில் நான் இருக்கிறேன், அவர் இருக்கிறார், சட்டைப்பையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருக்கிறது.

ஸ்க்ரூடிரைவர் ஏன் என்றால், ஹெட்டுக்குக் கீழே ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. அதைத் திருகினால் ஹெட் ஒரு நூலளவு இறங்கும், ஒன்றும் மூன்றும் படிப்பது நின்று இரண்டும் நாலும் படிக்கும், டேப்பைத் திருப்பவே வேண்டாம், ஓடுகிற ஓட்டத்திலேயே கல்யாணம் மறைந்து பாட்டு வரும், அதுவும் நேராக வரும். நாலையும் ஒரே ஓட்டத்தில் படிக்கிற ஹெட் உலகத்தில் இருக்கிறது, என்னிடம் இல்லை, இருக்கிறவனுக்கு அனுப்பி வாங்க ஞாயிற்றுக்கிழமை காத்திருக்காது, போகிற வழியிலேயே இந்த டேப் மாவாகிவிடும். ஆக, ஒரு ஓட்டம், ஒரு பயிர். எடுத்தது மிஞ்சும், எடுக்காதது துணியில் கொட்டும். கொட்டுகிறது. இதோ இப்போது இந்த நொடியில் ஐயர் எதையோ நீட்டிக்கொண்டிருக்க, அந்த நீட்டலோடு சேர்ந்து ஒரு கிதார் துண்டு உதிர்ந்து விழுந்துவிட்டது, அது எப்படி இருந்தது என்று இனி ஒருவருக்கும் தெரியாது. ஐயர் பேசுகிற இடத்தில் மட்டும் திருகிவிட்டு, ஆசீர்வாதம் சார் வாயைத் திறக்கிற நேரத்துக்குத் திரும்ப ஏற்றிவிட்டால் என்ன. எப்போது திறப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும். ஒரு வார்த்தை பேசுகிற மனிதர், அந்த ஒரு வார்த்தை நான் ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டும்போது வந்து போய்விட்டால், அப்புறம் இந்த அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன். மெஷின் கோளாறு என்று சொல்லலாம். சொல்லலாம்தான். டேப் பழசு அம்மா, அந்த இடத்தில் மட்டும் தேய்ந்துவிட்டது அம்மா. சொல்லிவிட்டு ராத்திரி சோறு இறங்குமா. கையைச் சட்டைப்பையிலிருந்து எடு மகுடபதி.

அடியில் ஏதோ தட்டுகிறது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால், ஐயர் குரலுக்குக் கீழே, பக்கத்துப் பாத்தியிலிருந்து கசிகிறது, தும், தும், தும்தும். சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ மாவு இடிக்கிற மாதிரி. கிதார் கசியவில்லை, குரல் கசியவில்லை, கனமான சத்தம் மட்டும்தான் வரப்பைத் தாண்டும். இது என்ன வாத்தியம். டிரம்ஸ் என்றால் தோல் சத்தம் இப்படி இருக்காது, தவிலா, தவிலும் இல்லை, ஏதோ தகரமும் சேர்ந்த மாதிரி, ஒருவேளை அடித்து அடித்துத் தோல் கிழிந்த டிரம்மா. எந்த ஸ்டுடியோ, எத்தனை மைக், ஒரே மைக்காகத்தான் இருக்கும், கிதார்காரனை மூலைக்குத் தள்ளியிருப்பார்கள், பாடுகிறவன் மைக்கை முத்தமிட்டிருப்பான். இங்கிலீஷில்தான் பாடியிருப்பான், அந்தப் போட்டிகளில் எல்லோரும் இங்கிலீஷில்தான் பாடினார்கள், மயிலாப்பூரில் பிறந்தவனும் மூக்கால் பாடினான். இவன் என்ன பாடினான். கேட்டால்தானே தெரியும். கேட்க முடியாது. எனக்கு இப்போது ஒரு பாட்டு வேண்டும் என்றுகூட இல்லை, ஒரு வரி போதும், மூக்கால் பாடினானா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதும். சும்மா சொல்கிறேன், ஒரு வரி கேட்டால் முழுசும் கேட்பேன், என்னை எனக்குத் தெரியாதா. தும்தும் நின்றது. முதல் பாட்டு முடிந்தது போல. இத்தனை வருஷம் காத்திருந்த பாட்டு, ஒரு அந்நியன் செருமலுக்குக் கீழே முடிந்துவிட்டது. கொஞ்ச இடைவெளி விட்டு மறுபடி தட்டல், இந்தமுறை மெதுவாக. ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்தேன். உதடு அசைகிறது, ஜெபம் பண்ணுகிறார் போல. ஆள்காட்டி விரல் கைப்பையின் மேல் லேசாகத் தட்டுகிறது, வயதானால் விரல் ஆடத்தான் செய்யும், என் பெரியப்பாவுக்கும் ஆடியது. இந்த மனுஷி கணவனோடு ஐம்பது வருஷம் குடித்தனம் பண்ணிவிட்டு அவர் சொல்லப்போகிற ஒரு வார்த்தைக்காக ரயிலேறி வந்து உட்கார்ந்திருக்கிறார், நான் அவர் தாலிக்கடியில் கிதார் தேடுகிறேன். வெட்கமாக இருந்தது. வெட்கம் இருந்தும் காது என்னவோ அடியிலேயே நின்றது.

ஐயர் மாப்பிள்ளையின் பெயரைச் சொன்னார். நான் நிமிர்ந்தேன். கேள்வி நீளமாக இருந்தது, முடிந்தது. ஒன்றும் வரவில்லை. ஒரு பெஞ்சு, ஒரு விசிறிச் சத்தம், ஐயோ அந்தத் துண்டு உதிர்ந்துவிட்டதா, முந்தாநாள் நான் ஓட்டிப்பார்த்த இடம் இதுதானா, அப்புறம் வந்தது, சம்மதம், ஐயர் காதுக்கே எட்டியிருக்குமா என்கிற மாதிரி ஒரு குரல், கணக்குப் போர்டைப் பார்த்துக்கொண்டு சொல்கிற குரல். திரையில் சின்னதாக ஒரு அலை. கிடைத்துவிட்டது. அடுத்து பெண்ணிடம் கேட்டார், பெண் பட்டென்று சொன்னாள், கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அம்மாவும் லேசாகச் சிரித்தார். நான் மேஜைமேல் இருந்த கைக்குட்டைக் காகிதப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன், அழுவார் என்று நினைத்து முன்கூட்டியே வாங்கி வைத்தது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார், விரல் தட்டுவது நின்றிருந்தது, அடியில் தும்தும்மும் நின்றிருந்தது, இரண்டும் ஒன்றாக நின்றதை என் காது கவனித்தது, மண்டைக்கு ஏற அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ரெண்டாவது பாட்டு முடிஞ்சிட்டு" என்றார் அம்மா. "இனி ஐயர் பிரசங்கந்தான். டேப் தீர்ற வரைக்கும் பேசுவாரு. அடியில இருக்கிறத எடுக்க முடியும்னு ரூபன் சொன்னான், எடுங்க தம்பி."

உங்களுக்கு அந்தப் பாட்டெல்லாம் தெரியுமா அம்மா என்று கேட்டேன், கேட்கும்போதே ஸ்க்ரூடிரைவர் கையில் இருந்தது, எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. தெரியாமல் என்ன என்றார். பேண்ட் பழகியதெல்லாம் அவர்கள் வீட்டுக் கார் ஷெட்டில்தானாம், பெண்பிள்ளைகள் அந்தப் பக்கம் போகக் கூடாது, இவர் சமையலறை ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ணியிருக்கிறார். தும்தும் என்று கேட்கிறதே, அது அவர்கள் வீட்டு அரிசி டிரம்மாம், தாளக்காரப் பையனின் பெரிய டிரம் கிழிந்துபோய் மாற்றத் தோல் கிடைக்கவில்லை, அரிசியைச் சாக்கில் கொட்டிவிட்டு டிரம்மை ஸ்டுடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். நான் டேப்பை நிறுத்தவில்லை, நிறுத்தினால் ஒட்டிக்கொண்டு அறுந்துவிடும், ஓட ஓடவே கையை உள்ளே விட்டு ஸ்க்ரூவில் நுனியை வைத்தேன். அப்போதுதான் அவர் மிச்சத்தைச் சொன்னார், ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே.

"டைப்ரைட்டிங் பரீட்சைன்னு அப்பாகிட்ட சொல்லி, தவமணி அண்ணன் என்னைய ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போனான். மூணாவது பாட்டுல நடுவுல ஒரு பொம்பளக் குரல் வேணும்னாங்க. நாந்தான் பாடினேன். இன்னைக்கு வரைக்கும் அத நான் கேட்டது இல்ல. எங்க கல்யாணத்தை அது மேலயே பிடிச்சுட்டாங்கன்னு பின்னாலதான் தெரிஞ்சுது, போச்சுன்னு விட்டுட்டேன்."

நான் என்ன மனிதன். இந்த அம்மா என்னிடம் போனில் பேசியபோது ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், எதைக் கேட்க வருகிறீர்கள் அம்மா என்று. விதவை, டேப், கணவன் குரல், நானே கூட்டிக் கழித்து விடை எழுதிக்கொண்டேன். முன்னாலேயே சொல்லக் கூடாதா என்றேன், குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்திருக்கும். பிள்ளை அவன் அப்பா சத்தம் வேண்டும் என்றானே, அது முதலில் வரட்டும் என்று இருந்தேன் என்றார். திருகினேன். ஐயர் ஒரு வாக்கியத்தின் நடுவில் கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இறங்கினார், ஒரு கணம் இரண்டும் சேர்ந்து கேட்டது, கர்த்தருடைய வீட்டில் கிதார், அப்புறம் ஐயர் இல்லை, பாட்டு மட்டும். நேராக வந்தது. சத்தம் மங்கல்தான், மேலே சரசரவென்று மழை மாதிரி, ஆனால் அடியில் அரிசி டிரம் அறையையே அதிரவைத்தது, கிதாரை எதிலோ போட்டு அரைத்து எடுத்த மாதிரி ஒரு பிசிறு, உடைந்த ஸ்பீக்கர் வழியாக விட்டிருப்பான்கள், வேறு என்ன இருந்தது அவர்களிடம், ஆர்கன் ஒன்று வட்டமடித்துக்கொண்டே மேலே போனது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. பையன் பாடினான், இங்கிலீஷில்தான், மூக்கால்தான், பரவாயில்லை, அவன் அப்படித்தான் பாட வேண்டும். ஆனால் பாட்டு ஏற்கெனவே ஆரம்பித்திருந்தது. எவ்வளவு போயிருக்கும். நாங்கள் பேசிக்கொண்டிருந்தோமே, அரிசி டிரம் கதை கேட்டேனே, அந்த நேரத்தில் இவர் பாடிய இடம் தூளாகி விழுந்திருந்தால். வெள்ளைத் துணியைப் பார்த்தேன், பார்த்து என்ன ஆகப்போகிறது, அதிலிருந்து பொறுக்கி எடுக்கவா முடியும். நடு என்றாரே, நடு எது, சக்கரத்தில் மிச்சம் இருப்பது விரல் தடிமன், நாலாவது பாட்டு வேறு இருக்கிறது. இந்த நிமிஷத்தில் எனக்கு ஊதாப் பனைமரமும் வேண்டாம், லண்டன்காரரும் வேண்டாம், அந்தக் குரல் மட்டும் வந்தால் போதும் என்று என் குலதெய்வத்தைக் கும்பிட்டேன், அண்ணமார் சாமிக்கு கிதார் தெரியுமோ தெரியாதோ. கிதார் சுற்றியது, ஆர்கன் சுற்றியது, பையன் நிறுத்திவிட்டான், எல்லாரும் நிறுத்திவிட்டார்கள், டிரம் மட்டும் மெதுவாகத் தட்டியது, முடிந்தது, தொலைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது ஒரு பெண் பாட ஆரம்பித்தாள். தமிழில்.

மாடிப்படி இறங்கி வந்தது மழை, செருப்பை வாசலில் கழற்றியது மழை. அவ்வளவுதான் வார்த்தை, அதையே திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் ஒரு படி மேலே ஏறிப் பாடினாள். கோயில் பாட்டுப் பாடிப் பழகிய தொண்டை, ஆனால் பாட்டில் கோயில் இல்லை. மைக்கிலிருந்து தள்ளி நிற்கிறாள், பயம் தெரிகிறது, மூன்றாவது தடவையில் பயம் போய்விட்டது, நாலாவதில் கிதார்காரன் அவளைத் துரத்திக்கொண்டு வந்தான், அவள் பிடிகொடுக்கவில்லை. நான் திரையைப் பார்க்கவே மறந்துவிட்டேன், பதிவாகிறதா என்றுகூடப் பார்க்கவில்லை, பார்த்தபோது பதிவாகியிருந்தது. அம்மா கண் கலங்கவில்லை. சுருதி கொஞ்சம் கீழே நிற்கிறது, அன்றைக்கே அண்ணன் சொன்னான் என்றார். வார்த்தை யாருடையது என்று கேட்டேன், என்னுடையதுதான், அந்த இடத்தில் சும்மா லலலா என்று பாடச் சொன்னார்கள், லலலா பாட எனக்குக் கூச்சமாக இருந்தது என்றார். பிறகு, நான் கேட்காமலேயே, வீட்டில் பாத்திரம் கழுவும்போது இதை முணுமுணுப்பேன், அவர் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கி எந்தச் சபைப் பாட்டு இது, நம் பாட்டுப் புத்தகத்தில் இல்லையே என்று கேட்பார், எங்கள் ஊர்ச் சபையில் பாடுவது என்று சொல்லிவிடுவேன், சாகிற வரைக்கும் கேட்டார், சாகிற வரைக்கும் அதையே சொன்னேன் என்றார். அவருக்கு அந்த ராகம் பிடிக்கும் என்றார். சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

நாலாவது பாட்டும் ஓடி முடிந்தது, டேப்பின் வால் சக்கரத்தில் டப் டப் என்று அடித்தது, மெஷினை நிறுத்தினேன். துணியில் ஒரு ஸ்பூன் அளவுக்குத் தூள் சேர்ந்திருந்தது. நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமைக்கு சார் குரலை மட்டும் தனியாக வெட்டிக் கொடுத்துவிடுகிறேன், இந்தப் பாட்டை உங்களுக்கு என்று தனியாகக் கொடுக்கிறேன், யாருக்கும் தெரிய வேண்டாம் என்றால் என் குழுவுக்கும் போகாது என்று. கடைசி வாக்கியத்தைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"தனியா எதுக்கு. அவங்க சம்மதம்னு சொல்லுதாங்கல்ல, அது முடிஞ்ச உடனே இதப் போடுங்க. சபை மொத்தமும் இருக்கும், ஐயரும் இருப்பாரு. பாடினது யாருன்னு கேட்டா நான் எந்திச்சு சொல்லிக்கிடுதேன்."